முதலில் கணக்கு, பிறகு ஹெப்சிடின்

மதுரை

அன்புள்ள தங்கராசு,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற பிறகும் கல்லூரியில் உன்னை விடாமல் வகுப்பெடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்று படித்ததில் சந்தோஷம். மீனாட்சிக்கு முழங்கால் வலி இப்போது தேவலையா? இங்கே எல்லோரும் சௌக்கியம்.

முதுகலை மாணவர்களுக்கு இரும்பு வளர்சிதை மாற்றம் பற்றி இரண்டு வகுப்பு எடுக்க வேண்டும், ஹெப்சிடினிலிருந்து (உடம்பின் இரும்பைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன்) தொடங்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். கிளெமென்ட் ஃபிஞ்ச் என்ற அமெரிக்க ரத்தவியல் மருத்துவரிடமிருந்து தொடங்கு. ஹெப்சிடின் எப்படி வேலை செய்கிறது என்பதை எந்தப் பையனும் புத்தகத்தில் படித்துக்கொள்வான். உடம்பில் இரும்பு எவ்வளவு இருக்கிறது, ஒரு நாளில் எவ்வளவு எங்கே போகிறது என்ற வரவு செலவு கைவசம் இல்லாவிட்டால், ஹெப்சிடின் கூடியது குறைந்தது என்பதெல்லாம் வெறும் அம்புக்குறிகளாகத்தான் நிற்கும். அந்த வரவு செலவைக் கடைசி மில்லிகிராம் வரை எழுதி முடிக்க வாழ்நாளைக் கொடுத்தவர் ஃபிஞ்ச்.

அவர் பிறந்தது 1915-இல், நியூயார்க் மாநிலத்தில். ராச்செஸ்டரில் மருத்துவம் படித்து, பாஸ்டனில் பயிற்சி பெற்று, 1949-இல் சியாட்டிலுக்குப் போனார். அங்கே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரத்தவியல் பிரிவுக்கு முதல் தலைவர் அவர்தான். 2010-இல் மறைந்தார். பதவி, விருது எல்லாம் இருக்கட்டும். மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியது அவர் அளந்த விதம்.

அவருக்கு முன்பே ஒரு அடிப்படை உண்மை தெரிந்திருந்தது. மெக்கான்ஸும் விடோசனும் 1937-இல் காட்டியது அது: மிஞ்சிய இரும்பை வேண்டும்போது வெளியேற்ற மனித உடம்புக்கு வழி கிடையாது, குடல் எவ்வளவு உள்ளே விடுகிறது என்பதில்தான் கட்டுப்பாடு முழுவதும் இருக்கிறது. அப்படியானால் தினசரி இழப்பு எவ்வளவு? 1968-இல் பல நாட்டுக் குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் ஃபிஞ்சும் இருந்தார். கதிரியக்க இரும்பு-55-ஐ ஊசியில் செலுத்தி, அது உடம்பின் இரும்போடு முழுக்கக் கலக்கும்வரை காத்திருந்து, பிறகு ரத்தத்தில் அது எந்த வேகத்தில் தேய்கிறது என்று ஆண்டுக்கணக்கில் பார்த்தார்கள். இரும்பு-59-இன் அரை ஆயுள் 44 நாள்தான். இந்த வேலைக்குப் போதாது. இரும்பு-55-க்கு 2.7 ஆண்டு. சியாட்டில், வெனிசுவேலா, தென்னாப்பிரிக்கா என்று இடங்கள் மாறினாலும், டர்பனில் வாழும் இந்தியர்கள் உட்பட, சாதாரண ஆண்களுக்கு விடை ஏறத்தாழ ஒன்றேதான்: நாளைக்கு சுமார் 1 மி.கி. உன் முதல் வகுப்பின் முதல் எண்ணாக இது இருக்கட்டும்.

அடுத்து ஃபெரோகைனெட்டிக்ஸ், அதாவது உடம்பில் இரும்பு எந்த வேகத்தில் எங்கே நகர்கிறது என்று அளக்கும் முறை. இன்று யாரும் செய்யாத பரிசோதனை என்று அதை ஒதுக்கிவிடாதே. செய்முறையை அப்படியே சொல்லிக்கொடு, ஏனென்றால் ஒவ்வொரு படியிலும் ஒரு பாடம் இருக்கிறது. நோயாளியின் பிளாஸ்மாவை (ரத்தத்தின் திரவப் பகுதியை) எடுத்து, அதில் மிகச் சிறிய அளவு இரும்பு-59 சேர்த்து, ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தோடு ஒட்டும்வரை வைத்திருக்க வேண்டும். சேர்ப்பதற்கு முன் அந்தப் பிளாஸ்மாவில் காலி இடம் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். டிரான்ஸ்ஃபெரின் ஏற்கெனவே நிறைந்திருந்தால், ஒட்டாத இரும்பு நேரே கல்லீரலுக்கு ஓடிவிடும். சிவப்பணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை வேலை செய்யவில்லை என்று தவறாக நினைத்துவிடுவோம். ஒரு கையில் ஊசி போட்டு, மறு கையிலிருந்து ரத்தம் எடுக்க வேண்டும். ஊசி போட்ட நரம்பில் ஒட்டியிருக்கும் மிச்சம் எண்ணிக்கையைக் கெடுத்துவிடும் என்பதால்தான். கலந்து பரவ 10 நிமிடம் விட்டு, பிறகு ஒன்றரை மணி நேரத்துக்குள் நாலைந்து மாதிரி. அரை மடக்கைத் தாளில் குறித்தால் நேர்கோடு வரும். அந்தக் கோட்டைப் பின்னோக்கிப் பூஜ்ய நேரத்துக்கு நீட்டினால் பிளாஸ்மா கன அளவும் கிடைக்கும்.

கோட்டிலிருந்து அரை நேரம், அதாவது செலுத்திய இரும்பில் பாதி பிளாஸ்மாவை விட்டுப் போக ஆகும் நேரம், தெரியும். சாதாரண ஆளுக்கு அது 60 முதல் 120 நிமிடம். சூத்திரம் இதுதான்: சீரம் இரும்பை 100-லிருந்து ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) கழித்த எண்ணால் பெருக்கு, வருவதை அரை நேரத்தின் நூறு மடங்கால் வகு. சீரம் இரும்பு 100 மி.லி.க்கு 100 மைக்ரோகிராம், ஹீமட்டோக்ரிட் 45, அரை நேரம் 90 நிமிடம் என்றால் விடை 0.61; அதாவது 100 மி.லி. ரத்தத்துக்கு நாளைக்கு 0.61 மி.கி. அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று ஒரு பையனாவது கேட்பான். 0.693-ஐ ஒரு நாளின் 1440 நிமிடத்தால் பெருக்கினால் 998. அதை 1000 என்று வைத்துக்கொள்கிறோம். மைக்ரோகிராமை மில்லிகிராமாக்க 1000-ஆல் வகுக்கிறோம். இரண்டும் அடிபட்டுப் போகிறது. மிஞ்சும் 100, பிளாஸ்மாவின் பங்கைச் சதவீதத்தில் எழுதியதால் வந்தது. கரும்பலகையில் போட்டுக் காட்டு.

இதே 0.61-ஐ 5 லிட்டர் ரத்தத்துக்குப் பெருக்கினால் நாளைக்கு 30 மி.கி. இதில் மஜ்ஜைக்குப் போகாத பங்கும் உண்டு. அதைக் கழித்தால் சிவப்பணு உருவாக்கத்துக்கு 20 முதல் 25 மி.கி. குடலிலிருந்து வருவதோ 1, 2 மி.கி.தான். பிளாஸ்மாவில் எந்த நொடியிலும் இருப்பது வெறும் 3 மி.கி. அந்த 3 மி.கி. நாளைக்குப் பல முறை காலியாகி நிரம்புகிறது. நிரப்புவது பெரும்பாலும் பழைய சிவப்பணுக்களை விழுங்கும் மேக்ரோஃபேஜ்கள். இது மனதில் பதிந்துவிட்டால் போதும்: காய்ச்சல் வந்த சில மணி நேரத்தில் சீரம் இரும்பு ஏன் விழுகிறது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. மேக்ரோஃபேஜ் வாசலை மூடினால் 3 மி.கி. எத்தனை நேரம் தாங்கும்?

பிறகு இரண்டு வாரம் கழித்து சிவப்பணுவில் எவ்வளவு வந்து சேர்ந்தது என்று பார்ப்பார்கள். சாதாரணமாக 80 முதல் 90 சதவீதம். இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் நோய்கள் பிரிகின்றன. இரும்புக் குறைவில் அரை நேரம் 20, 30 நிமிடத்துக்கு இறங்கும். சேர்வது கிட்டத்தட்ட முழுவதும். மஜ்ஜை வற்றிப்போகும் அப்ளாஸ்டிக் ரத்தசோகையில் இரும்பு பிளாஸ்மாவிலேயே நெடுநேரம் சுற்றி, கடைசியில் கல்லீரலில் அடையும். தாலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகையில் மஜ்ஜை வேகமாக இழுத்துக்கொள்ளும், ஆனால் சிவப்பணுவாக வெளியே வருவது கொஞ்சம். உருவாகும்போதே அணுக்கள் அழிகின்றன. மஜ்ஜை ஓயாமல் உழைத்தும் பலன் வெளியே வராத அந்த நிலையை இவ்வளவு தெளிவாக எண்ணில் காட்டிய முறை வேறில்லை.

ஒற்றை நேர்கோடு முழு உண்மை இல்லை என்பதும் ஃபிஞ்ச் குழுவுக்குத் தெரிந்தே இருந்தது. சில மணி நேரம் தாண்டினால் கோடு வளைகிறது. திசுக்களுக்குள் போன இரும்பில் ஒரு பகுதி திரும்பி வருகிறது. அந்த வளைவைப் பிரித்துப் படிக்க ஜார்ஜ் மார்சாலியா என்ற கணிதவியலாளரைச் சேர்த்துக்கொண்டு 1970-இல் ஒரு மாதிரியை வெளியிட்டார்கள். தற்போக்கு எண்கள் துறையில் பெரிய பெயர் அவர். வளைவு தொந்தரவாக இருக்கிறதே என்று முதல் மூன்று புள்ளியோடு நிறுத்திக்கொள்ளாமல், வளைவிலும் ஏதோ இருக்கிறது என்று போனார்கள் பார், அந்த மனம் எனக்கு மிகப் பிடிக்கும்.

கதிரியக்க இரும்பைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடு. 1945-க்கும் 1949-க்கும் இடையில் நாஷ்வில் நகரத்தில், வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில், 800-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளுக்கு என்ன கொடுக்கிறோம் என்று சொல்லாமலே கதிரியக்க இரும்பைக் குடிக்கக் கொடுத்தார்கள். நம் துறையின் சில எண்கள் அப்படியும் வந்திருக்கின்றன. இன்று அதே கேள்விகளுக்கு இரும்பு-57, இரும்பு-58 என்ற கதிரியக்கமில்லாத ஐசோடோப்புகள் இருக்கின்றன. நிறமாலைமானி செலவுதான் அதிகம்.

சேமிப்பை எப்படி அளந்தார்கள் என்பது இரண்டாம் வகுப்பின் உயிர்நாடி. ரத்தம் எடுத்துத்தான். வாரம் 500 மி.லி. எடுத்துக்கொண்டே போவது, ஹீமோகுளோபின் 10-க்கு (100 மி.லி. ரத்தத்துக்கு 10 கிராம்) அருகில் வந்து, அடுத்த வாரமும் எழும்பாமல் நின்றால் சேமிப்பு தீர்ந்தது என்று அர்த்தம். ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மி.கி. இரும்பு. 5 லிட்டர் ரத்தமும் 15 ஹீமோகுளோபினும் உள்ள ஆளிடம் 8 வாரம் எடுத்தோம், எடுத்த ரத்தத்தின் சராசரி 12.5 என்று வை. ஒவ்வொரு தடவையும் 62.5 கிராம் ஹீமோகுளோபின், அதாவது 212 மி.கி. இரும்பு; எட்டுக்கும் சேர்த்து 1700. அதில் சிவப்பணுவிலேயே குறைந்தது, 15-லிருந்து 10 வரை, 250 கிராம், 850 மி.கி. இந்த 8 வாரத்தில் குடல் கூடுதலாக உறிஞ்சியது சுமார் 150. இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 700 மி.கி. அதுதான் அவன் சேமிப்பு.

எங்கே பிசகும்? பையில் போட்ட அளவுக் கோட்டை நம்பினால் பிசகும். பையை நிறுத்து, காலிப் பையின் எடையையும் உறைதடுப்பி திரவத்தின் எடையையும் கழித்து, 1.06-ஆல் வகுத்தால்தான் உண்மையான மில்லிலிட்டர். ஹீமோகுளோபினை விரலில் பார்க்காமல் பையிலிருந்தே, நன்றாகக் கலக்கிவிட்டு, பார்க்க வேண்டும். கலக்காமல் எடுத்த மாதிரியில் அணுக்கள் அடியில் தங்கி எண் தவறாக வரும்.

ஹீமோகுரோமட்டோசிஸ் நோய்க்கு இதே வேலைதான் சிகிச்சையாகவும் ஆயிற்று. ஃபிஞ்சும் அவர் தம்பி ஸ்டூவர்ட்டும் 1955-இல் அந்த நோயைப் பற்றி எழுதிய நீண்ட ஆய்வு, அதை இரும்பு சேர்ந்து குவியும் நோயாக நிலைநாட்டியது. அந்த நோயாளிகளிடம் 20 கிராம் இரும்பு இருப்பது சாதாரணம். ஒரு பைக்கு 230 மி.கி. என்றால் 87 வாரம். ஏறக்குறைய ஒன்றேமுக்கால் ஆண்டு வாராவாரம் ரத்தம் எடுத்தும் ஹீமோகுளோபின் விழாமல் நின்ற அந்த ஆட்கள்தான் சொன்னார்கள், இரும்பு தாராளமாகக் கிடைத்தால் மஜ்ஜையால் எவ்வளவு உற்பத்தி செய்ய முடியும் என்று. சாதாரண ஆளின் சேமிப்பை வைத்துக்கொண்டு மஜ்ஜை இரண்டு மூன்று மடங்குக்கு மேல் ஏறாது. அங்கே தடையாக நிற்பது இரும்பு வந்து சேரும் வேகம். இந்த நோய்க்குக் காரணமான எச்.எஃப்.இ. மரபணு 1996-இல்தான் கிடைத்தது. அதில் முக்கியமான சி282ஒய் மாற்றம் வடக்கு ஐரோப்பிய வம்சத்தவரிடம் அதிகம், நம் மக்களிடம் மிக அரிது. நம் வார்டில் இரும்பு குவிந்தவர் என்றால் முதலில் தாலசீமியாவையும் ஏற்றிய ரத்தப் பைகளின் எண்ணிக்கையையும் நினைக்கச் சொல்.

இன்று நாம் தினமும் எழுதித்தரும் பரிசோதனைகளின் வேரும் இங்கேதான் இருக்கிறது. டிரான்ஸ்ஃபெரின் செறிவு (டிரான்ஸ்ஃபெரினில் இரும்பு நிரம்பிய பங்கு) 16 சதவீதத்துக்குக் கீழே போனால் மஜ்ஜைக்கு இரும்பு போதவில்லை என்ற எல்லைக்கோடு, 1964-இல் பெயின்டனும் ஃபிஞ்சும் எழுதியது. இரும்பைச் சேமித்து வைக்கும் புரதமான ஃபெரிட்டினைச் சீரத்தில் அளக்கும் முறை 1972-இல் கார்டிஃப் நகரில் வந்தது. மறு ஆண்டே அங்கே ஆரோக்கியமான ஆட்களிடம் மேலே சொன்ன மாதிரி ரத்தம் எடுத்து ஒப்பிட்டு, லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் ஃபெரிட்டின் சுமார் 8 மி.கி. சேமிப்புக்குச் சமம் என்று கண்டார்கள். 1974-இல் குக், லிப்ஷிட்ஸ், ஃபிஞ்ச் மூவரும் நோயாளிகளிடம் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆக ஃபெரிட்டின் என்ற எண்ணுக்கு எடைக்கல்லாக இருந்தது ரத்தப் பை.

அந்த 8 மி.கி. கணக்கு காய்ச்சலோ வீக்கமோ இருக்கும்போது செல்லாது என்பதை அழுத்திச் சொல். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்படி, ஆரோக்கியமான பெரியவருக்கு ஃபெரிட்டின் 15-க்குக் கீழே போனால் இரும்புக் குறைவு. தொற்றோ அழற்சியோ இருந்தால் 70 வரை சந்தேகப்படலாம். சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்காத ஃபெரிட்டின் பாதி பரிசோதனைதான். சீரம் இரும்பு என்றால் காலையில் எடுத்த மாதிரி, முந்தைய நாளே இரும்பு மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும், இ.டி.டி.ஏ. குழாயில் எடுக்கவே கூடாது. அந்த வேதிப்பொருள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். மாதிரியில் சிவப்பணு உடைந்திருந்தாலும் எண்ணை நம்பாதே.

இனி, அவர் போட்டு வைத்த கணக்கின் உச்சம். 1994-இல், கிட்டத்தட்ட எண்பது வயதில், ஃபிஞ்ச் ஒரு கட்டுரை எழுதினார். அதில் இரண்டு கட்டுப்பாட்டுச் சமிக்ஞைகள் இருந்தாக வேண்டும் என்றார். ஒன்று சேமிப்பைப் பார்த்துக் குடலுக்குச் சொல்வது. மெதுவானது, வலு குறைந்தது. இன்னொன்று மஜ்ஜையிலிருந்து வருவது. வலு மிகுந்தது, சேமிப்பு நிறைந்திருந்தாலும் அதை மீறிக் குடலைத் திறந்துவிடக் கூடியது. ரத்தமே ஏற்றாத தாலசீமியா நோயாளிக்கும் இரும்பு குவிவது அந்த இரண்டாவதால்தான். எந்த மூலக்கூறையும் அவர் கையில் வைத்திருக்கவில்லை. வரவு செலவில் பொருந்தாமல் நின்ற எண்களை வைத்து மட்டும் சொன்னார்.

ஆறேழு வருடத்தில் ஹெப்சிடின் வந்தது. ஜெர்மனியிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் கிருமிகளைக் கொல்லும் புரதத்தைத் தேடியவர்களுக்கு அகப்பட்ட 25 அமினோ அமிலத் துண்டு அது. பாரிஸில் சோஃபி வோலோன் குழு வேறு எதற்கோ உருவாக்கிய எலிகளில் இரும்பு குவிவதைக் கண்டு, அவற்றில் ஹெப்சிடின் இல்லை என்று 2001-இல் காட்டியது. 2004-இல் நெமெத்தும் கான்ஸும், அது ஃபெரோபோர்ட்டினைப் பிடித்து உள்ளே இழுத்து அழிக்கிறது என்று நிறுவினார்கள். குடலிலும் மேக்ரோஃபேஜிலும் இரும்பின் வாசல் அந்த ஃபெரோபோர்ட்டின்தான். மஜ்ஜையின் சமிக்ஞையான எரித்ரோஃபெரோன் 2014-இல் கிடைத்தது. அதைப் பார்க்க ஃபிஞ்ச் இல்லை. இந்த வரிசையில் நீ சொன்னால், ஹெப்சிடின் என்று பலகையில் எழுதும்போது அதற்காக ஒரு இடம் ஏற்கெனவே காலியாக இருந்தது என்று பையன்களுக்குப் புரியும்.

நம் ஊர்க் கணக்குகளையும் போடச் சொல். ஒரு கர்ப்பத்துக்கு மொத்தம் சுமார் 1000 மி.கி. இரும்பு வேண்டும்: குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் 300-க்கு மேல், தாயின் சிவப்பணுப் பெருக்கத்துக்கு 450-க்கு மேல், மீதி வழக்கமான இழப்பு. சேமிப்பே இல்லாமல் கர்ப்பம் தரிக்கிற பெண்ணுக்கு இது எங்கிருந்து வரும்? 60 மி.கி. மாத்திரையில் பத்தில் ஒன்றிலிருந்து ஐந்தில் ஒன்றுவரை உறிஞ்சினால் 6 முதல் 12 மி.கி. 4 லிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 100 மி.லி.க்கு ஒரு கிராம் ஏற 136 மி.கி. வேண்டும். ஆக இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு கிராம் ஏறுவதுதான் நியாயமான எதிர்பார்ப்பு. ஒரு வாரத்தில் ஏறவில்லை என்று மாத்திரையை மாற்றுகிறவர்கள் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்ப்பதில்லை. ஒரு மாதமாகியும் அசையவில்லை என்றால் தேட வேண்டியது வேறு: மாத்திரை உண்மையில் உள்ளே போகிறதா, தேநீரோடு விழுங்குகிறாளா, எங்காவது ரத்தம் போகிறதா. நெகேட்டர் கொக்கிப்புழு ஒன்று நாளைக்கு 0.03 மி.லி. ரத்தம் உறிஞ்சும், நூறு இருந்தால் 3 மி.லி. ஹீமோகுளோபின் 10 என்றால் அது 1 மி.கி. இரும்பு. தினசரி இழப்பு இரட்டிப்பு.

மாத்திரை அளவிலும் ஹெப்சிடின் வந்து நிற்கிறது. 1970-களில் டெல்லியிலும் வேலூரிலும் கர்ப்பிணிகளிடம் 30 முதல் 240 மி.கி. வரை கொடுத்துப் பார்த்தார்கள். 120-க்கு மேல் போனதில் பெரிய ஆதாயம் இல்லை. அதன் காரணத்தில் ஒரு பகுதி இப்போது தெரிகிறது. 60 மி.கி.யும் அதற்கு மேலும் ஒரு வேளையில் கொடுத்தால் ஹெப்சிடின் ஏறி, 24 மணி நேரம் வரை நின்று, அடுத்த நாள் மாத்திரையின் உறிஞ்சலைக் குறைக்கிறது என்று சுவிட்சர்லாந்து ஆய்வுகள் 2015-இலும் 2017-இலும் காட்டின. இரும்பு குறைந்த, ஆனால் கர்ப்பமில்லாத இளம்பெண்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தால் ஒரு மாத்திரையிலிருந்து கிடைப்பது கூடுகிறது. கர்ப்பிணிக்கு அதை அப்படியே தூக்கிப் போடாதே. அவளுக்கு நாள் குறைவு, தேவை அதிகம், அரசுத் திட்டமும் தினம் 60 மி.கி. என்றே சொல்கிறது. மற்றவர்களுக்கு, குறிப்பாக வயிற்றுப் புரட்டலால் மாத்திரையை விட்டுவிடுகிறவர்களுக்கு, நான் அந்த வழியைத்தான் சொல்வேன்.

டயாலிசிஸ் வார்டுக்கும் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கு. சியாட்டிலில் ஃபிஞ்சோடு சேர்ந்து 1967-இலேயே சிறுநீரக நோயாளிகளின் சிவப்பணு உற்பத்தியை அளந்த ஜோசஃப் எஷ்பாக்தான், இருபது ஆண்டு கழித்து சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயெட்டின் ஊசியின் ஆரம்ப முடிவுகளை வெளியிட்டவர்களில் ஒருவர். ஊசி மஜ்ஜையை விரட்டும்போது, சேமிப்பில் இரும்பு இருந்தும் மஜ்ஜைக்கு வேகமாக வந்து சேராது. ஃபெரிட்டின் 300, செறிவு 15 என்ற சீட்டைப் பார்த்து உன் மாணவன் குழம்பாமல் இருக்க, அந்த 3 மி.கி. பிளாஸ்மாக் கணக்கையே மறுபடி எடுத்துக்கொடு.

உன் ஆய்வகத்தில் ஃபெரிட்டினோடு சி.ஆர்.பி.யும் சேர்த்துப் போடுகிறார்களா, இல்லை தனிச்சீட்டு எழுத வேண்டியிருக்கிறதா என்று எழுது. வகுப்புக்குப் பெயர் மறைத்த பத்துப் பதினைந்து ரிப்போர்ட்டுகள் அனுப்பினால், ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன். தாலசீமியாக் குழந்தைகளுக்கு இரும்பு இறக்கும் மருந்துகள் பற்றி நீ கேட்டது தனிக் கடிதத்துக்கு உரிய விஷயம். அடுத்த வாரம் எழுதுகிறேன். மீனாட்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
முத்தையா